வளையுற எலெக்ட்ரோட் உடம்புக்குள்ள எவ்ளோ நாள் தாங்கும்? உப்புத்தண்ணியில ஊறப்போட்டு டெஸ்ட் பண்ற முழு வழிகாட்டி

பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் சிப் பேக்கேஜிங் லைன்ல வேலை பாத்துட்டு இப்போ மெடிக்கல் டிவைஸ் பக்கம் தாவுறவங்களுக்கும், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னு சொல்லி கையில மெல்லிசான எலெக்ட்ரோட் ஒண்ணு கெடச்சவங்களுக்கும் இது. பாலிஇமைடு, பேரிலீன் சி, சிலிக்கோன் மாதிரி பாலிமர் மேல பிளாட்டினத்துலயோ தங்கத்துலயோ கோடு போட்டு, மேல இன்னொரு லேயர் மூடி, நரம்புலயோ மூளை மேலயோ வைக்கிற சாமான். எத்தன வருஷம் தாங்கும்னு கண்டுபிடிக்க சூடான உப்புத்தண்ணியில போட்டு அப்பப்போ அளந்து பாக்குறோம். கேக்க ஈஸி. ஆனா புதுசா வர்றவங்க "பாலிமர் போச்சு"ன்னு தூக்கிட்டு வர்றதுல முக்கால்வாசி பாலிமர் போனதே இல்ல, கனெக்டர் ரோசாக் ஆகியிருக்கும், இல்லன்னா பாத்திரத்துல தண்ணி வத்தியிருக்கும். அதனால கீழ இருக்குற வரிசைய மாத்தாம செய்ங்க.

1. பெக்டரி பழக்கத்த வாசல்லயே விடுங்க

சிப் லைன்லேர்ந்து வர்றவங்க மொதல்ல கேக்குறது "85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் சேம்பர் எங்க?"ன்னு. சில பேரு 130 டிகிரி ஹாஸ்ட் சேம்பரே (அழுத்தத்தோட சூடான ஆவி ஏத்தி டெஸ்ட் பண்ற பொட்டி) வேணும்பாங்க. அது பிளாஸ்டிக் மோல்டுக்குள்ள இருக்குற சிப்புக்கு சரி. உடம்புல இருக்குறது ஆவி கெடையாது, சோடியம், குளோரைடு கலந்த தண்ணி, 37 டிகிரி.

பாலிமர் எதுவா இருந்தாலும் தண்ணி மூலக்கூறு அதுக்குள்ள பூந்துரும், அத தடுக்கவே முடியாது. பூந்தது மட்டும் பெருசா கெடுதல் பண்ணாது. லேயருக்கும் லேயருக்கும் நடுவுல ஒரு சின்ன காலி எடம் இருந்து அங்க அது திரவமா சேந்து, கூட கொஞ்சம் உப்பும் கெடச்சா, அப்போதான் ஷார்ட், அரிப்பு எல்லாம் ஆரம்பிக்கும். பேஸ்மேக்கர் ஒயருக்கு சிலிக்கோன் பல வருஷமா ஓடுதே, அதுல நீராவி தாராளமா போகும், ஆனாலும் ஒட்டுன எடத்துல ஒட்டிக்கிட்டு இருக்குறதால தாங்குது. ஆக நம்ம டெஸ்ட் கண்டுபிடிக்க வேண்டியது எந்த ஒட்டு மொதல்ல விடும்ங்கறத.

2. எது ஃபெயில்னு முன்னாடியே எழுதுங்க

பாத்துல, அதாவது சூடான தண்ணித் தொட்டியில, சாம்பிள் போடுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதி தேதி போட்டு வைங்க. ரெண்டு டிராக்குக்கு (மெட்டல் கோட்டுக்கு) நடுவுல லீக்கேஜ், அதாவது கசியுற கரன்ட், இவ்ளோ தாண்டினா ஃபெயில், 1 கிலோஹெர்ட்ஸ் இம்பிடன்ஸ் (ஏசி கரன்ட்டுக்கு இருக்குற தடை) ஆரம்பத்துலேர்ந்து இவ்ளோ ஏறினாலோ எறங்கினாலோ ஃபெயில், கண்ணுக்கு கொப்புளம் தெரிஞ்சா ஃபெயில். நம்பர் உங்க சர்க்யூட்ட பொறுத்தது, அத டிசைன் பண்ணவர் கிட்ட கேளுங்க.

இத ஏன் முன்னாடியே செய்யணும்னா, மூணு மாசம் கழிச்சு டேட்டாவ பாத்துட்டு கோடு போட்டா, எல்லாருக்கும் புடிச்ச எடத்துலதான் கோடு விழும்.

3. மெட்டீரியல்: தெரிஞ்சுக்க வேண்டியது மட்டும்

பாலிஇமைடுன்னு ஒரே பேருல பல சாமான் இருக்கு. மஞ்சளா டேப்பா வர்ற கேப்டான் தண்ணிய 2, 3 சதவீதம் வரைக்கும் உறிஞ்சும். இம்பிளான்ட்டுக்கு அதிகமா ஓடுற பிஐ-2611 வகை அரை சதவீதம் பக்கத்துல. பேரிலீன் சி அதவிட கம்மி, எல்சிபின்னு சொல்ற லிக்விட் கிரிஸ்டல் பாலிமர் 0.04 சதவீதம்தான். இந்த நம்பர பாத்து "அப்போ எல்சிபிதான் பெஸ்ட்"னு முடிவு பண்ணிராதீங்க, ஒட்டு விட்டுச்சுன்னா உறிஞ்சுற நம்பர் ஒண்ணுத்துக்கும் ஒதவாது.

வேக வைக்கிற வகை பாலிஇமைடு வாங்குனா பாட்டில் ஃப்ரீசர்ல இருக்கும். வெளிய எடுத்ததும் தொறக்காதீங்க, பினாங்கு காத்துல உள்ள ஈரம் குளிர்ந்த பாட்டிலுக்குள்ள வேர்த்துரும், தண்ணி சேந்த கரைசல் வேகும்போது சரியா பாலிஇமைடா மாறாது. மூடியோட ரூம் டெம்பரேச்சருக்கு வரட்டும், பெறகு தொறங்க. நைட்ரஜன்ல 350 டிகிரிக்கு மேல முழுசா வெந்திருக்கணும். அரைகுறையா வெந்தது சூடான தண்ணியில தானா ஒடஞ்சு போகும், நீங்க அத பாலிமரோட ஆயுசுன்னு ரிப்போர்ட்ல எழுதிருவீங்க.

4. சாம்பிள்: ஒரு வகை போதாது

நாலு வகை வேணும். ஒண்ணு, வெறும் பாலிமர் ஃபிலிம், எடை பாக்கவும் இழுத்து பாக்கவும். ரெண்டு, சீப்பு மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்த ரெண்டு டிராக், முழுசா மூடினது, இன்சுலேஷன் மட்டும் பாக்க. மூணு, நெஜ எலெக்ட்ரோட். நாலு, கனெக்டரும் கேபிளும் மட்டும், எலெக்ட்ரோடே இல்லாத டம்மி.

நாலாவத பாதி பேரு செய்ய மாட்டாங்க, "அது எதுக்கு வேஸ்ட்டா"ம்பாங்க. டம்மியும் நெஜ சாம்பிளும் ஒண்ணா கெட்டுப் போச்சுன்னா தப்பு கனெக்டர் மேல. டம்மி நல்லா இருந்து சாம்பிள் மட்டும் போச்சுன்னா அப்போதான் பாலிமர் பத்தி பேசலாம். டம்மி இல்லாத டேட்டாவ நான் படிக்கிறதே இல்ல.

ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒவ்வொரு வகையிலயும் குறைஞ்சது ஆறாவது வைங்க, ஒரே வேஃபர்லேர்ந்து எல்லாத்தையும் எடுக்காதீங்க. ஸ்டெரிலைஸ் பண்ணப் போற டிவைஸ்னா, அந்த எத்திலீன் ஆக்சைடோ ஆட்டோகிளேவோ எதுவோ, அத ஊறப்போடுறதுக்கு முன்னாடியே பண்ணிருங்க. ஆஸ்பத்திரியில அந்த வரிசையிலதான் நடக்கும். ஸ்டெரிலைஸ் பண்ணாத சாம்பிள் நல்லா தாங்குச்சுன்னா அது வேற சாமானோட ரிசல்ட்டு.

5. சுத்தமும் ஒட்டும்

இங்கதான் நேரத்த செலவழிக்கணும், இங்கதான் எல்லாரும் அவசரப்படுறாங்க.

வெரல் ரேகையில உப்பு இருக்கு. மூடுற லேயருக்கு அடியில அது மாட்டிக்கிட்டா, வெளியில இருக்குற தண்ணிய உள்ள இழுக்கும், சவ்வூடு பரவல்னு ஸ்கூல்ல படிச்சோமே அதேதான், கொஞ்ச நாள்ல ஒரு கொப்புளம் எந்திரிக்கும். ஃபோட்டோரெசிஸ்ட் மிச்சமும், எச்சிங் பண்ண குளோரின் மிச்சமும் இதே வேலைய பாக்கும். அதனால அசிட்டோன், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், டிஐ வாட்டர் (அயனி நீக்குன தண்ணி), பெறகு ஓவன்ல காய வெச்சு, ஆக்சிஜன் பிளாஸ்மா போட்டு, உடனே அடுத்த லேயர். இந்த "உடனே" முக்கியம். பிளாஸ்மா போட்ட மேற்பரப்பு கொஞ்ச நேரத்துல பழைய நெலமைக்கு திரும்பிரும். பிளாஸ்மா போட்டு வெச்சிட்டு மாமாக் கடைக்கு போயி தே தாரிக் குடிச்சிட்டு வந்து கோட்டிங் போட்டா, பிளாஸ்மா போட்டதே வீண்.

பாலிமர் மேல பாலிமர் ஓரளவு ஒட்டும், பிளாட்டினம் மேல பாலிமர் ஒட்டுறதுதான் பலவீனமான எடம். பேரிலீனுக்கு ஏ-174 சைலேன்னு ஒட்ட வைக்கிற ரசாயனம் போடுவாங்க, பாலிஇமைடுக்கும் பிளாட்டினத்துக்கும் நடுவுல சிலிக்கான் கார்பைடு மெல்லிசா போடுற வழக்கமும் இருக்கு. எத போட்டாலும் டேப் ஒட்டி உரிச்சு பாக்குற டெஸ்ட்ட காஞ்ச சாம்பிள்ல மட்டும் பண்ணாதீங்க. காஞ்சு இருக்கும்போது எல்லாமே நல்லா ஒட்டும். ஒரு ராத்திரி சூடான உப்புத்தண்ணியில போட்டு, எடுத்து தொடச்சிட்டு, அப்போ டேப் ஒட்டி உரிங்க. அதுல உரிஞ்சு வந்துச்சுன்னா மாசக்கணக்கா ஊறப்போட வேண்டாம், பதில் அன்னைக்கே கெடச்சாச்சு.

6. கனெக்டர்

கனெக்டர் தண்ணிக்கு வெளிய இருந்தா போதும்னு நெனைக்கிறாங்க. 67 டிகிரி பாத்துல மூடிக்கு அடியில ஆவி சேந்து சொட்டும், அந்த சொட்டு நேரா கனெக்டர் பின் மேல விழும். கேபிள மூடி வழியா வெளிய கொண்டு வந்து, பூந்து வர்ற ஓட்டைய சீல் பண்ணி, கனெக்டர ரூம் டெம்பரேச்சர்ல வைங்க.

சீல் பண்ண ஹார்ட்வேர் கடை சிலிக்கோன் வாங்கும்போது மோந்து பாருங்க. காடி வாசனை வந்துச்சுன்னா வேண்டாம், அது காயும்போது அசெட்டிக் ஆசிட் விடும், செம்பு பச்சையாயிரும். நியூட்ரல் க்யூர்னு போட்டிருக்குறத கேட்டு வாங்குங்க. கோலாலம்பூர்ல இருக்குறவங்களுக்கு ஜாலான் பசார் கடைங்கள்ல கனெக்டர் எல்லாம் கெடைக்கும், ஆனா ஒரே லாட்டா எல்லாத்தையும் ஒட்டுக்க வாங்கிருங்க, பாதியில தீந்து போயி வேற பிராண்ட் போட்டா டம்மியோட ஒப்பிட முடியாது.

7. உப்புத்தண்ணியும் பாத்திரமும்

பிபிஎஸ், அதாவது பாஸ்பேட் கலந்த உப்புத்தண்ணி, ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 8 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.2 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1.44 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.24 கிராம், பிஹெச் 7.4. கால்சியம் கலந்த வகை வேண்டாம், சூட்டுல கால்சியம் பாஸ்பேட் வெள்ளையா படியும், அது எலெக்ட்ரோட் மேலயே உக்காரும். டிஐ வாட்டருக்கு பதிலா பேட்டரி வாட்டர் ஊத்துறத நான் கண்ணால பாத்திருக்கேன், தயவு செஞ்சு வேண்டாம்.

கண்ணாடி பாட்டில் வேண்டாம், சூடான பாஸ்பேட் கரைசல் கண்ணாடிய மெதுவா கரைக்கும், சிலிக்கா தண்ணியில சேரும். சிலிக்கான் ஆக்சைடு லேயர் உள்ள சாம்பிள்னா அது கரையுற வேகத்தையே இது கொறச்சு காட்டும். பாலிப்ரோப்பிலீன் இல்லன்னா பிஎஃப்ஏ (டெஃப்லான் மாதிரி பிளாஸ்டிக்) பாட்டில் எடுங்க.

தண்ணி மட்டத்த மார்க்கர்ல கோடு போட்டு வைங்க. வத்துனா டிஐ வாட்டர் மட்டும் ஊத்தணும், பிபிஎஸ் ஊத்தக் கூடாது, உப்பு ஆவியாகாது இல்லியா, ஊத்த ஊத்த கெட்டியாயிட்டே போகும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ முழுசா மாத்தி, மாத்தும்போது பழசோட பிஹெச் அளந்து குறிச்சுக்கோங்க. 37 டிகிரி பாட்டில்ல வழவழன்னு பாசி மாதிரி ஏதாவது வளரும், அதுக்கு சோடியம் அசைடு கொஞ்சம் போடுவாங்க, அது வெஷம், ஆசிட்டோட கலக்கக் கூடாது, சிங்க்ல ஊத்தக் கூடாது, லேப் ஆபீசர் கிட்ட கேட்டுட்டு செய்ங்க.

8. வெப்பநிலையும் அந்த பிரபலமான கணக்கும்

10 டிகிரி ஏத்துனா வேகம் ரெண்டு மடங்குன்னு ஒரு கணக்கு. 37க்கு மேல 20 ஏத்தி 57 வெச்சா 4 மடங்கு, 67ன்னா 8 மடங்கு, 87ன்னா 32 மடங்கு. 67ல 46 நாள் ஓட்டுனா 37ல ஒரு வருஷம்னு காகிதத்துல வரும். இது ஸ்டெரைல் பேக்கேஜிங்குக்குன்னு மொதல்ல வந்த ஏஎஸ்டிஎம் எஃப் 1980ங்கற வழிகாட்டியில இருந்து எல்லாரும் கடன் வாங்குன பழக்கம், உங்க எலெக்ட்ரோடுக்கு அது பொருந்தும்னு யாரும் கையெழுத்து போட்டு குடுக்கல.

அதனால 87 மட்டும் வெச்சு சீக்கிரம் முடிக்கலாம்னு பாக்காதீங்க. பேரிலீன் சி 80, 90 டிகிரி பக்கத்துல கண்ணாடி மாதிரி கெட்டியா இருக்குற நெலைய விட்டு எளக ஆரம்பிக்கும். அங்க நடக்குற கோளாறு 37ல நடக்கவே நடக்காம போகலாம். பாலிஇமைடுலயும் இதே கதைதான், 2010ல வந்த ஒரு ஜெர்மன் ஆய்வுல 37லயும் 60லயும் 20 மாசம் ஊறி ஒண்ணும் ஆகல, 85ல மட்டும் ஒரு வகை பொறுக்க முடியாம ஒடஞ்சுச்சு.

மூணு வெப்பநிலை வைங்க, 37, 57, 67. 37 கண்டிப்பா வேணும், அதுதான் நெஜம். ஃபெயிலான நேரத்தோட லாக்கையும் கெல்வின்ல வெப்பநிலையோட தலைகீழையும் வரஞ்சா கோடு நேரா வரணும். வளஞ்சு போச்சுன்னா மேல் வெப்பநிலையில வேற ஏதோ கோளாறு நடக்குதுன்னு அர்த்தம், அந்த புள்ளிய வெச்சு வருஷம் கணக்கு போடாதீங்க.

இன்னொண்ணு, பாத்துல டெம்பரேச்சர் லாகர் தனியா போடுங்க. இடி மழையில கரன்ட் போயி பாத் ட்ரிப் ஆகும், தைப்பூசத்துக்கு எல்லாரும் தண்ணிமலைக் கோயிலுக்கு போயிட்டு வந்து பாத்தா எத்தன மணி நேரம் ஆறிக் கெடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. லாகர் இருந்தா அந்த நேரத்த கழிச்சுக்கலாம்.

9. முதல் நாள் அளவு

சாம்பிள் காஞ்சு இருக்கும்போது ஒரு தடவ, தண்ணியில போட்டு ஒரு நாள் கழிச்சு ஒரு தடவ அளங்க. ரெண்டாவதுதான் உங்க ஆரம்ப அளவு, ஏன்னா மொத நாள்ல பாலிமர் தண்ணி குடிச்சு கெப்பாசிட்டன்ஸ் மாறும், அத கோளாறுன்னு நெனச்சு பயப்பட வேண்டாம்.

நெஜ எலெக்ட்ரோடுக்கு மூணு எலெக்ட்ரோட் முறை: சில்வர் சில்வர்-குளோரைடு ரெஃபரன்ஸ், பெரிய பிளாட்டினம் கவுன்ட்டர், 10 மில்லிவோல்ட், 1 ஹெர்ட்ஸ்லேர்ந்து 100 கிலோஹெர்ட்ஸ். சீப்பு சாம்பிளுக்கு இம்பிடன்ஸ ரெண்டு முனையில நேரா அளக்கலாம், ஃபேரடே கூண்டுக்குள்ள (வெளி மின் தொந்தரவ தடுக்குற மெட்டல் கூண்டு). மொதல்ல ஒயர் முனைய எதுலயும் மாட்டாம காத்துல விட்டு ஒரு தடவ அளந்துக்கோங்க. உங்க மெஷினால எவ்ளோ பெரிய இம்பிடன்ஸ் பாக்க முடியும்னு அதுல தெரியும். நல்ல இன்சுலேஷன் மெஷினோட எல்லைய தாண்டிரும், அப்போ நீங்க அளக்குறது சாம்பிள இல்ல, உங்க ஒயர.

10. ஊறும்போது அளக்குறதும் படிக்கிறதும்

மொத வாரம் தினமும், பெறகு வாரத்துக்கு ரெண்டு தடவ. எப்பவும் ஒரே வெப்பநிலையில அளங்க. உப்புத்தண்ணியோட கடத்துத்திறன் ஒரு டிகிரிக்கு 2 சதவீதம் மாறும், ஒரு நாள் சூட்டோட அளந்து இன்னொரு நாள் ஆற வெச்சு அளந்தா கிராஃப் ஏறி எறங்கும், அதுக்கு யாராவது ஒரு தியரி வேற சொல்லுவாங்க.

இம்பிடன்ஸ் எறங்குனா: தண்ணி மூடுன லேயருக்கு அடியில போயி அதிகமா மெட்டல் நனையுது, இல்லன்னா பக்கத்து டிராக்கோட சேந்திருச்சு. ஏறுனா: டிராக் வெடிச்சிருக்கு, பேட் (ஒயர் சேர்ற எடம்) விட்டிருச்சு, இல்லன்னா சும்மா ஒரு காத்துக் குமிழி எலெக்ட்ரோட் மேல உக்காந்திருக்கு. ஏறுனா மொதல்ல பாட்டில தட்டி பாருங்க. சூடான தண்ணியிலேர்ந்து காத்து பிரிஞ்சு தண்ணி ஒட்டாத (ஹைட்ரோஃபோபிக்) பாலிமர் மேல ஒட்டிக்கிறது சாதாரணம்.

சீப்பு சாம்பிள்ல இம்பிடன்ஸ் நம்பர விட ஃபேஸ் (வோல்டேஜுக்கும் கரன்ட்டுக்கும் நடுவுல இருக்குற கோணம்) முன்னாடியே பேசும். நல்லா இருக்குற இன்சுலேஷன் கெப்பாசிட்டர் மாதிரி -90 டிகிரி பக்கத்துல நிக்கும். கம்மி ஃப்ரீக்வென்சி பக்கம் அது மெல்ல பூஜ்யத்த நோக்கி நகர ஆரம்பிச்சா எங்கயோ தண்ணி பாதை திறக்குதுன்னு அர்த்தம், லீக்கேஜ் கோட்டை தாண்டுறதுக்கு முன்னாடியே தெரியும்.

டிவைஸ்ல டிசி வோல்டேஜ் இருக்குன்னா பாதி சாம்பிளுக்கு அதே வோல்டேஜ் குடுத்து ஊற வைங்க. சும்மா ஊறுறது நல்லாவே தாங்கும், 5 வோல்ட் குடுத்தா ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் தண்ணி அங்க பிரிஞ்சு வாயுவாகி லேயர தூக்கிரும், மெட்டல் கரைய ஆரம்பிக்கும். கரன்ட் குடுக்காம டெஸ்ட் பண்ணிட்டு கரன்ட் ஓடுற டிவைஸுக்கு ஆயுசு சொல்றது ரொம்ப சகஜமா நடக்குற தப்பு.

11. வளைக்கிறது

ஃபிலிம் தடிமன வளைவு ஆரத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா மேல்பக்க இழுவை கெடைக்கும். 10 மைக்ரான் ஃபிலிம் 1 மில்லிமீட்டர் ஆரத்துல வளஞ்சா 0.5 சதவீதம். மேலயும் கீழயும் பாலிமர் ஒரே தடிமனா இருந்தா மெட்டல் நடுவுல உக்காந்து இழுவையே இல்லாம தப்பிச்சுக்கும், மேல் லேயர் மெல்லிசா போச்சுன்னா டிராக் வெடிக்கும்.

ஊறின சாம்பிள, ஈரத்தோட, வளைங்க. காஞ்சது வளச்சா ஒட்டு விடாது. எங்க வளைக்கிறதுன்னா, நடுவுல இல்ல, கெட்டியான கனெக்டர் முடிஞ்சு மெல்லிசான கேபிள் ஆரம்பிக்கிற அந்த எடத்துல. நெஜத்துல அங்கதான் ஒடையும்.

12. பெராக்சைடு, தேவைப்பட்டா மட்டும்

பிபிஎஸ் ஒரு விஷயத்த பாக்கவே பாக்காது, உடம்போட செல்லுங்க விடுற ஆக்சிடைசிங் சாமான். 1980கள்ல பாலிஈதர் யூரித்தேன் போட்ட பேஸ்மேக்கர் ஒயருங்க உள்ள போயி வெடிப்பு விட்டதுக்கு ஒரு முக்கிய காரணம் அது. யூரித்தேன் இருக்கா, டங்ஸ்டன் இருக்கா, அப்போ ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து ஒரு தனி பாட்டில் ஓட்டுங்க. 87 டிகிரியில 20 மில்லிமோலார்னு 2015லேர்ந்து ஒரு முறை பழக்கத்துல இருக்கு.

பெராக்சைடு சூட்டுல தானா ஒடையும், பிளாட்டினம் பக்கத்துல இன்னும் வேகமா. காலையில ஊத்திட்டு போனா சாயந்தரம் வெறும் தண்ணிதான் இருக்கும். தொடர்ந்து ஊத்திட்டே இருக்க பம்ப்பும், செறிவ அளக்க ஒரு வழியும் இல்லாம இத தொடாதீங்க. மூடிய இறுக்கமாவும் வைக்காதீங்க, ஆக்சிஜன் வெளிய போக வழி வேணும்.

13. எடுத்து பாத்து எழுதுறது

ஃபெயிலானத உடனே காய வைக்காதீங்க. காஞ்சா உப்பு படிகமாகி லேயர இன்னும் பிரிக்கும், எது ஊறினதால வந்தது எது காஞ்சதால வந்ததுன்னு பிரிச்சு சொல்ல முடியாது. ஈரமா இருக்கும்போதே மைக்ரோஸ்கோப்ல ஃபோட்டோ எடுங்க, பெறகு டிஐ வாட்டர்ல அலசி காய வெச்சு எஸ்ஈஎம்க்கு (எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு) அனுப்புங்க.

ரிப்போர்ட்ல "10 வருஷம் தாங்கும்"னு எழுதாதீங்க. "67 டிகிரி பிபிஎஸ்ல, இந்த வோல்டேஜோட, இத்தன நாள்ல இத்தன சாம்பிள்ல இத்தன போச்சு, போனது இந்த ஒட்டு"ன்னு எழுதுங்க, மடங்கு கணக்க அடுத்த வரியில தனியா, எந்த அனுமானத்துலன்னு சொல்லி போடுங்க. ரெகுலேட்டரி ஆளு கேக்கப்போறது மொத வரியதான்.

57, 67 முடிஞ்சு ரிப்போர்ட் போனதுக்கு அப்புறமும் 37 டிகிரி பாட்டில நிறுத்தாதீங்க, அது ஓடட்டும், உங்க கணக்கு சரியான்னு சொல்லப்போறது அது ஒண்ணுதான். யாராவது அந்த பாத்த வேற வேலைக்கு தூக்கிட்டு போயிருவாங்க, அதனால "தொடாதே"ன்னு ஒரு பேப்பர் ஒட்டிருங்க, மலாய், சீனம், தமிழ் மூணுலயும்.